முதலாளிக்கு நெறி கட்டியிருக்கு

“முதலாளிக்குத் தோல் உரியுதுன்னு ஊரெல்லாம் யாரு பரப்பினது, நானா—”

“நான் டாக்டர்கிட்டதான் போன்ல சொன்னேன், நின்னவங்க காதுல விழுந்தா—”

“கடையில நின்னுக்கிட்டா சொல்லுவ?”

ரொட்டிக்காரர் பேச்சும் அவர் மனைவி பேச்சும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. சண்டைக்குக் காரணமானவன் கடைவாசலில் படுத்துக் காதைச் சொறிந்துகொண்டிருந்தான். வேலை வெட்டி இல்லாமல் பகல் முழுக்க அங்கே கிடந்து வருகிறவர் போகிறவரை மேற்பார்வை பார்ப்பதால் அந்த நாய்க்கு முதலாளி என்று பேர் வைத்தவள் அவள்தான்.

முந்தின நாள் போனில் அவள் சொன்னது இவ்வளவுதான். முதலாளிக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டுது, தோல் செதில் செதிலா உரியுது, தாடைக்குக் கீழே ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கு. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். காலையில் பக்கத்துக் கடைத் தையல்காரம்மா வந்து, மாவு பிசையறதைக் கொஞ்ச நாள் வேற யார்கிட்டயாவது விடுங்களேன் அண்ணா என்று பரிவாகச் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது.

சுட்ட ரொட்டி தட்டிலேயே காய்ந்தது. நாயைத் தம்பியின் மரக்கிடங்குக்கு அனுப்பிவிடுவதென்று அவர் முடிவே கட்டிவிட்டார். அவளோ, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று இரண்டு முதலாளிகளையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கால்நடை டாக்டர் நெறியில் ஊசி குத்தி உறிஞ்சியதைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தோலிலும் நெறியிலும் ஒட்டுண்ணி குடியேறியிருக்கு என்றார். மணல் ஈ என்று ஒரு பொடிப் பூச்சி கடித்துப் பரவுவது, தொட்டால் ஒட்டாது. அடியோடு போகாவிட்டாலும் மருந்து கொடுத்து அடக்கி வைக்கலாம்.

“நான் பன்னைத் திருடி வாயில அடக்கி வச்சிருக்கான்னுல்ல திட்டிக்கிட்டிருந்தேன்,” என்று ரொட்டிக்காரர் முணுமுணுத்தார்.

கிடங்குக்கு அனுப்பலாமா என்றதற்கு, ஈரமும் குப்பையும் இருக்கிற இடம்தான் அந்த ஈக்குக் கொண்டாட்டம் என்றார் டாக்டர். கழுத்துக்குப் பூச்சி விரட்டும் பட்டை, ஜன்னலுக்கு நெருக்கமான வலை, பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள்ளேதான் படுக்கை. இல்லாவிட்டால் இவனைக் கடித்த ஈ உங்களையும் கடிக்கும்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நாய் முடி ஒன்று உள்ளே வந்தாலும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவர், வழியில் ஒரு கடையில் நின்று வலைக்கு அளவு சொன்னார். அவள் கெட்டிக்காரி, நாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கடைக்கு வந்ததும் தையல்காரம்மாவிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, உடம்பு சரியில்லாதது அந்த முதலாளிக்கு, நான் வெறும் வேலைக்காரன் என்றார். அந்த அம்மா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. இருட்டுவதற்குள் தட்டு காலி.

வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார்கள். இத்தனை வருஷம் அங்கிருந்து விரட்டப்பட்டவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கழுத்துப் பட்டையோடு ஒரு தோரணை வேறு. அவள் உள்ளே விரிப்பை உதறிக்கொண்டே காது கொடுத்தாள். வாசலில் அவர் குரல் தாழ்ந்து வந்தது.

“வாங்க முதலாளி, ஈ வர்றதுக்குள்ள வந்துடுங்க. உங்களுக்குத்தான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”