வெட்டுகிற விமானம்

ரிச்சர்டுக்கு முன்பல் ஒன்று இல்லை. அதை எடுத்தவன் எட்மண்ட். பொங்கோலில் தன் அக்காள் வீட்டு அடுக்குமாடிப் புளோக்கின் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் வாய்ட் டெக்கில், சைக்கிள் பூட்டால் ஒரே அடி. பல் தனியாக விழுந்து தூணோரம் உருண்டது. ரிச்சர்ட் அதைத் தேடிக்கொண்டு தவழ்ந்து போனபோது முதுகில் இன்னும் இரண்டு கொடுத்தான்.

அதற்கு முந்தின நாள், ரிச்சர்ட் தன் மனைவி மதலேனாவின் கையைக் குளிர்பெட்டிக் கதவின் கீல் பக்க இடுக்கில் திணித்து, கதவைத் தோளால் முட்டிச் சாத்தியிருந்தான். மதலேனா எட்மண்டின் அக்காள். அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் நிமிர்வதில்லை. மகள் டானியலா அப்போது சாப்பாட்டு மேசையில் பரோட்டா தின்றுகொண்டிருந்தாள். அம்மா கத்தி முடிக்கும்வரை அவள் மெல்வதை நிறுத்தவில்லை.

எட்மண்டைப் போலீஸ் கடுமையாக எச்சரித்து அனுப்பியது. இன்னொரு முறை கை ஓங்கினால் சிறை. ரிச்சர்ட் மதலேனாவின் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆனால் சனிக்கிழமைகளில் அவன் மகளைப் பார்க்கலாம். மதலேனாவின் சொந்தத்தில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அந்த ஆள் எட்மண்டாகவே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கியவன் ரிச்சர்ட்தான். காரணம் எல்லோருக்கும் தெரியும். எட்மண்ட் ஒரே ஒரு முறை நிதானம் இழந்தால் போதும், மிச்சத்தை ரிச்சர்டின் வக்கீல் பார்த்துக்கொள்வார். வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவுவரை டானியலா உட்லண்ட்ஸில் தன் வீட்டில் தங்க வேண்டும் என்று ரிச்சர்ட் மனுப் போட்டிருந்தான். அடுத்த மாதம் நீதிமன்றம் முடிவு சொல்லும்.

எட்மண்ட் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். ஒரு கொண்டோ குடியிருப்பில் இரவுக் காவலாளி. சனிக்கிழமைகளில் வேலை முடிந்து, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, தூங்காமல் வந்து நிற்பான். ரிச்சர்ட் அவன் காலை மிதிப்பான். காப்பியை அவன் மடியில் ஊற்றிவிட்டு "அச்சோ மச்சான்" என்பான். எட்மண்ட் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தான்.

டானியலாவுக்குப் பத்து வயது ஆனபோது ரிமோட் விமானம் வேண்டும் என்றாள். எட்மண்ட் அவளைத் தேக்காவுக்குக் கூட்டிப்போனான். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம், மூன்றாவது மாடி. மின்தூக்கி ஓடவில்லை. படியேறும்போது அவள் கேட்டாள்.

"டாடி வீட்ல படுக்கணும்னா, கதவப் பூட்ட முடியுமா மாமா?"

"எந்தக் கதவு?"

"என் ரூம் கதவு."

"தெரியல."

"சரி," என்றாள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

கடைக்காரர் முஆத் கூரையெங்கும் விமானங்களைத் தொங்கவிட்டிருந்தார். சாம்பார் சாதத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"யாருக்கு பிளேன்? தம்பிக்கா, பாப்பாவுக்கா?"

"எனக்கு," என்றாள் டானியலா.

"முன்ன பறக்க விட்டிருக்கியா?"

"கேம்ல."

"கேம்ல நானும் கேப்டன்தான் லா." வெள்ளை ஃபோமில் செய்த ஒன்றை இறக்கிக் கொடுத்தார். "முதல் பிளேன்னா இதான். இறக்கை மேல இருக்கு, அதனால ஆடாது. மெதுவா போவும். மோதினாலும் ஒடியாது, ஒடிஞ்சா பசை வெச்சு ஒட்டிக்கலாம். புரொபெல்லர் பின்னால பார்த்தியா? யாரையும் வெட்டாது. எடையும் கம்மி, பதிவு எதுவும் வேணாம்."

டானியலா அதை விரலால் அழுத்தினாள். ஃபோம் குழிந்து மறுபடி மேலே வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எது வெட்டும்?"

முஆத் சிரித்தார். "இது எதுக்கும்மா உனக்கு? அதோ தொங்குதே, போர் விமானம். புரொபெல்லர் முன்னாடி. கெட்டி நைலான். ஓடும்போது விரல விட்டா கறிக்கடைதான்."

"அது வேணும்."

"பாப்பா, அது மூணாவது பிளேன். முதல்ல இத விடு, கத்துக்க, அப்புறமா வா."

"அங்கிள், அது மூஞ்சில பட்டா என்னாகும்?"

முஆத் சிரிப்பை நிறுத்தினார். எட்மண்டைப் பார்த்தார். எட்மண்ட் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிறம், மூக்கில் சுறாவின் பல் வரிசை தீட்டியிருந்தது. அவள் யாருடைய மூஞ்சியைச் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அந்த மூஞ்சியில் அந்தப் புரொபெல்லர் ஏறுவதை அவன் ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்த்தான். கன்னம், மூக்கு, கண். குழந்தை விட்ட விமானம். விபத்து. யார் மேலும் வழக்கு வராது.

"அதையே குடுங்க," என்றான்.

"தம்பி, வேணாம்னு சொல்றேன்."

"பொறந்தநாளு அண்ணே. கேட்டதக் குடுங்க."

முஆத் முகத்தைச் சுளித்துக்கொண்டே இறக்கினார். ஆட்டம் கண்டால் தானே நேராகிக்கொள்ளும் கருவி உள்ளே இருக்கிறது என்றார். அந்தப் பொத்தானை எப்போதும் போட்டே வைக்கச் சொன்னார். பிறகு ரிமோட்டை டானியலாவின் கையில் வைத்து, வலது குச்சியின் மேல் அவள் கட்டைவிரலைப் பிடித்து வைத்தார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்க. உன்னை விட்டுப் போவும்போது, இடதுன்னா இடது. அதுவே திரும்பி உன்னை நோக்கி வரும்போது, நீ இடது பக்கம் தள்ளினா அது உன் வலது பக்கம் போவும். புதுசா விடறவங்க எல்லாரும் இங்கதான் கோட்டை விடுவாங்க. வெளங்குதா?"

"ம்," என்றாள். அவள் கண் புரொபெல்லரில் இருந்தது.

எட்மண்டுக்கு விளங்கியது. அவளுக்கு விளங்கவில்லை என்பதும் விளங்கியது. ரயிலில் வீடு வரும்வரை நேரம் இருந்தது. அவன் சொல்லித் தரவில்லை. தூங்கிவிட்டான். எடை அதிகம் என்பதால் விமானத்தைத் தன் பெயரில் பதிவுசெய்து, பதிவு எண் போட்ட சிறு ஒட்டுத்தாளை இறக்கைக்கு அடியில் ஒட்டினான்.

பொங்கோலுக்குப் பக்கத்தில் விமானத் தளம் இருப்பதால் அங்கே பறக்கவிட முடியாது. சனிக்கிழமை காலை மேற்குக் கடற்கரைத் திடலுக்குப் போனார்கள். ரிச்சர்ட் அங்கே காத்திருந்தான். புதுச் சட்டை, வாசனைத் திரவியம். பல் இருந்த இடத்தைக் காட்டிச் சிரித்தான்.

"என்ன மச்சான், பல் டாக்டரே. கிளினிக் எப்ப தொறக்கப் போற?"

எட்மண்ட் விமானத்தைப் புல்லில் இறக்கி வைத்தான்.

"ஏய், பேச மாட்டியா? அக்கா எப்பிடி இருக்கா? விரல் நிமிருதா? சட்டை பட்டன் போட முடியுதா, இல்ல நீயே போட்டுவிடறியா?"

எட்மண்ட் மின்கலத்தைப் பொருத்தினான். ரிச்சர்ட் குனிந்து அவன் காதருகே வந்தான்.

"அடிடா. அடி. ஆசையா இருக்குல்ல? இன்னிக்கு அடிச்சா அடுத்த வாரமே இவ என் வீட்ல."

சற்றுத் தள்ளி ஒரு மலாய்க் குடும்பம் பாய் விரித்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமும் கேட்கும்படி ரிச்சர்ட் மகளைக் கூப்பிட்டான். "வாடா செல்லம், டாடிகிட்ட காட்டு." அவளுடைய பின்கழுத்தில் கையை வைத்தான். அந்தக் கை அங்கேயே இருந்தது. விரல்கள் அழுத்தின இடத்தில் தோல் வெளுத்தது.

டானியலா ரிமோட்டைப் பிடித்து நின்றாள். இடது பக்கம் ரிச்சர்ட். எட்மண்ட் முன்னால் போய் விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்துவிட்டு, அவள் வலது பக்கம் திரும்பி வந்து நின்றான். விமானம் உறுமிக்கொண்டு கடல் பக்கம் போனது. ஆடியது, தானே நேரானது.

"திருப்பு," என்றான் எட்மண்ட்.

திருப்பினாள். பெரிய வட்டமடித்து அது அவர்களை நோக்கி முகம் காட்டியது. சுறாவின் பற்கள் தெரிந்தன. டானியலா வேகத்தைக் கூட்டினாள்.

எட்மண்ட் விமானத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய வலது கட்டைவிரலைப் பார்த்தான். அது குச்சியை இடது பக்கம் தள்ளியது. அப்பா நின்ற பக்கம். கடைசிவரை தள்ளி, அங்கேயே அழுத்திப் பிடித்தது.

விமானம் வலது பக்கம் சாய்ந்தது.

அவனுக்குக் கையைத் தூக்க மட்டும்தான் நேரம் இருந்தது. புரொபெல்லர் வலது உள்ளங்கையில் ஏறி, கட்டைவிரலின் அடிச்சதையைப் பிளந்து, மணிக்கட்டுவரை இழுத்துக்கொண்டு போனது. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். விமானம் புல்லில் விழுந்து சுற்றிச் சுற்றி மண்ணைத் தோண்டியது. எட்மண்ட் முழங்காலிட்டுத் தன் கையைப் பார்த்தான். உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகு ரத்தம் அதை மூடியது.

ரிச்சர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமன் மேலயே விட்டுட்டா! சபாஷ்டி! என் பொண்ணுடி நீ!"

சிரித்தபடியே ரிமோட்டைப் பார்த்தான். அவள் விரல் இன்னும் குச்சியை இடது பக்கம் அழுத்திக்கொண்டிருந்தது. தன் பக்கம். அவன் அந்த விரலைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்றத்தோடு.

ரிச்சர்ட் முட்டாள் இல்லை.

"என் மேலயா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான். "என் மேலயாடி விட்ட?"

அடி கன்னத்தில் விழுந்தது. அவள் பக்கவாட்டில் பறந்துபோய் விழுந்தாள். எட்மண்ட் எழுந்தான். ஓடினான். இரண்டு எட்டு வைத்திருப்பான். பாயில் உட்கார்ந்திருந்த இளம்பெண் எழுந்து நின்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருப்பதைப் பார்த்தான். படம் ஓடிக்கொண்டிருந்தது.

எட்மண்ட் நின்றான்.

நினைத்துத்தான் நின்றான். ஓர் அறை என்றால் வக்கீல் பேசிச் சமாளித்துவிடுவார். குழந்தை ஆபத்தாக விளையாடியது, தகப்பன் பதறிப்போய் ஒன்று போட்டான் என்பார். ஓர் அறை போதாது.

ரிச்சர்ட் குனிந்து அவள் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினான். அதன் உலோகக் கைப்பிடியைப் பிடித்து ஓங்கி அவள் தோளில் இறக்கினான். எலும்பு ஒடிந்த சத்தம் எட்மண்டுக்குக் கேட்டது. டானியலா தரையிலிருந்து தலையைத் திருப்பினாள். அப்பாவைப் பார்க்கவில்லை. மாமா எங்கே நிற்கிறான் என்று பார்த்தாள்.

பிறகுதான் எட்மண்ட் போனான். ரிச்சர்டைக் கீழே தள்ளி அவன் மேல் உட்கார்ந்தான். அடிக்கவில்லை. ரிச்சர்ட் அவனுடைய பிளந்த உள்ளங்கைக்குள் விரலை விட்டுத் திருகினான். எட்மண்ட் கத்தினான், ஆனால் அடிக்கவில்லை. ரத்தம் ரிச்சர்டின் புதுச் சட்டையில், வாயில், பல் இல்லாத சந்தில் வழிந்தது. மலாய்க் குடும்பத்து ஆண்கள் இரண்டு பேர் வந்து ரிச்சர்டின் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வரும்வரை அந்தப் பெண் கைப்பேசியை இறக்கவில்லை.

இரவு தங்கும் மனு தள்ளுபடியானது. சனிக்கிழமைச் சந்திப்புகளும் நின்றன. ரிச்சர்ட் உள்ளே போனான். மதலேனா தேவாலயத்தில் நன்றிப் பூசைக்குக் கொடுத்தாள். தம்பிக்கு ஆட்டுக்கறி சமைத்து, தையல் போட்ட கையால் பிசைய முடியாது என்று தானே ஊட்டிவிட வந்தாள்.

"நீ மட்டும் இல்லன்னா அவள அன்னிக்குக் கொன்னே போட்டிருப்பான்டா," என்றாள்.

டானியலா எதிரே உட்கார்ந்திருந்தாள். கை, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா மாமாவின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் கேட்டாள்.

"ஏன் நின்னீங்க?"

"எப்ப?"

"ஓடி வந்தீங்க. நின்னீங்க."

"கையில ரத்தம்டா."

அவள் மென்று விழுங்கினாள். "ரத்தம் கையிலதான? காலுல இல்லையே."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

எலும்பு கூடிய பிறகு அவளே வந்து, கடைக்குப் போகலாம் என்றாள். முஆத் அவளைப் பார்த்தார், எட்மண்டின் கையில் இருந்த தழும்பைப் பார்த்தார். கூரையிலிருந்து எதையும் இறக்கவில்லை. அவள் தானே போய் அலமாரியிலிருந்து வெள்ளை ஃபோம் விமானத்தை எடுத்துவந்தாள்.

"பின்னாடி புரொபெல்லர்," என்றாள். "இது வெட்டாதுல்ல?"

"வெட்டாதும்மா."

"வேகமா மோதினா?"

"சும்மா அறைஞ்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"இது போதும்."

அதே திடல். பாய் விரித்தவர்கள் யாரும் இல்லை. அவள் விமானத்தைத் தானே தூக்கி எறியக் கற்றுக்கொண்டிருந்தாள். போவதையும் வருவதையும் இப்போது குழப்பிக்கொள்ளவில்லை. அது தன்னை நோக்கி வரும்போது குச்சியைச் சரியான பக்கம் தள்ளினாள். கொஞ்ச நேரம் அப்படி ஓட்டினாள். பிறகு இறக்கினாள்.

"மாமா, அங்க போய் நில்லுங்க."

போனான்.

"இன்னும் தூரம். முதுகு காட்டாதீங்க. என்னைப் பாருங்க."

நின்றான். விமானம் கிளம்பியது. நேராக வந்து அவன் நெஞ்சில் மோதி விழுந்தது. கொஞ்சம் மூச்சடைத்தது.

"வலிக்குதா?" என்று அங்கிருந்து கத்தினாள்.

"இல்ல."

ஓடிவந்து எடுத்தாள். மூக்கு நசுங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டாள். அவனைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

அடுத்தது வயிற்றில். அதற்கடுத்தது தோளில், அவளுக்கு ஒடிந்த அதே பக்கம். ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டு போகும்போது, "நகராதீங்க," என்று மட்டும் சொன்னாள். அவன் நகரவில்லை. வெயில் ஏறியது. நேற்றிரவு வேலை, தூக்கம் இல்லை, கண் எரிந்தது.

விமானம் மறுபடி கிளம்பியது. இந்த முறை உயரமாக வந்தது. முகத்துக்கு.

"கையத் தூக்காதீங்க!" என்றாள் டானியலா.

எட்மண்ட் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.