மூன்றாம் மாடி ஜன்னல்

கொரோனா இரண்டாம் முறை வந்து ஊரை உலுக்கிய வருஷம் அது, கண்ணுகளா. நர்சிங் மாணவி மோகனாவை ஆம்பூர் ரோட்டிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போட்டிருந்தார்கள். ஹாஸ்டலும் அதே வளாகத்தில்தான். வீட்டுக்கு விடமாட்டார்கள்.

அவள் அம்மா சம்பூர்ணத்துக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஆஸ்பத்திரி வாசல் வேகத்தடையில் மெதுவாகும். அப்போது மோகனா மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று கையாட்டுவாள். உச்சி முதல் கால்வரை மூடிய வெள்ளை உடையில் முகம் எங்கே தெரியும்? ஆடுகிற கைதான் மகள். அம்மாவுக்கு அது போதும்.

பிறகு மோகனாவைப் பின்பக்க வார்டுக்கு மாற்றினார்கள். மூச்சுக்கு அல்லாடுகிறவர்கள் அங்கே. இரட்டைக் கையுறையோடு ஊசிக்கு நரம்பு தேடப் பழகினாள். ஜன்னலில் மலை தெரிந்தது, ரோடு தெரியவில்லை. சொன்னால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அதனால் முன்பக்க வார்டிலேயே இருந்த அறைத்தோழி அம்பரீனிடம் கேட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பதிலா நீ கையாட்டுடீ. அந்த டிரெஸ்ல எல்லாரும் ஒண்ணுதானே."

தாயில்லாத பெண் அம்பரீன். ஒருநாளும் தவறவில்லை.

உன்னைப் பார்த்த பிறகுதான் தையல் ஓடுகிறது என்று அம்மா போனில் சொல்லும்போதெல்லாம் மோகனா சட்டென்று பேச்சை மாற்றுவாள். தனக்கு வரவேண்டிய பார்வை வேறெங்கோ போகிறதே என்று கொஞ்சம் பொறாமையும்தான். சின்னப் பெண்தானே, கண்ணுகளா.

வார்டு வேலையிலிருந்து ஒருநாள் ஓய்வு கிடைத்த அன்று, சொல்லாமல் அம்மாவை அசத்தலாம் என்று வாசல் கேட்டில் போய் நின்றாள். முகக்கவசம், அதற்குமேல் கண்ணாடித் தடுப்பு. இன்று கையாட்ட வேண்டாம் என்று அம்பரீனிடம் சொல்ல மறந்துபோனாள்.

பஸ் வந்தது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அம்மா. காதோரம் புதிதாய் நரை. ஆனால் அம்மாவின் கண்கள் இவள் தலைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தன. அங்கே ஒரு வெள்ளை உருவம் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது. அம்மா என்று மோகனா கூப்பிட்டது முகக்கவசத்தோடு நின்றுவிட்டது. பஸ் நகரும்போது அம்மா ஒரு கணம் கீழே பார்த்தாள். அவ்வளவுதான்.

சாயந்திரம் போன் வந்தது.

"இன்னைக்கு ரெண்டு கையும் ஆட்டுனியே, இன்னா அவ்ளோ குஷி?" என்று சிரித்த அம்மா, பிறகு குரலைத் தணித்தாள். "கேட்டாண்ட ஒரு பொண்ணு எங்க பஸ்ஸையே பாத்துகினு நின்னுச்சு மோனா. யார் பெத்த புள்ளையோ."

அது நான்தாம்மா என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஜன்னலில் நின்றது யார், நீ எந்த வார்டு என்று கேள்வி வரும்.

"எப்பிடிம்மா இருந்துச்சு?"

"எளச்சுப் போயிருந்துச்சு. வீட்ட நெனச்சு ஏங்குற மாதிரி நின்னுச்சு. எறங்கித் தலையத் தடவிக் குடுக்கலாம்னு தோணிச்சு. அதுக்குள்ள பஸ்ஸு போய்ட்டுது."

மோகனா கண்ணை மூடிச் சுவரில் தலை சாய்த்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றாள்.