வாசம் ஏதும் இல்லை

அந்தப் பக்கத்தில் அவரை மெக்கானிக் என்று யாரும் சொல்வதில்லை. மோப்பக்காரர் என்றுதான் பேர். வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே கையைத் துடைத்துக்கொண்டு நின்று, மூக்கை லேசாகத் தூக்கி, ஆயில் கருகுது, கிளட்ச் தேயுது, பெட்ரோல் குழாய் கசியுது என்று பானெட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பட்டறையில் பாதிப் பங்கு அவருடைய மைத்துனனுக்கு. வருகிறவர்களிடம் அவன் மாமாவின் மூக்கைப் பற்றி அளக்கிற அளப்பில், கூட நிற்பவர்களுக்கே கூச்சமாகிவிடும்.

அந்த மூக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலோடு போய்விட்டது.

காய்ச்சல் நாலு நாளில் இறங்கியது. வாசம் திரும்பவில்லை. முதல் வாரம் சளி என்று நினைத்தார். இரண்டாவது வாரம் வெங்காயத்தை நறுக்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார், கண்தான் எரிந்தது. சிலருக்குத் தானாக வரும், சிலருக்கு வராது என்றார் டாக்டர். இதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று படியிறங்கும்போதே முடிவுகட்டிவிட்டார், மனைவியிடம்கூட. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து சமையலறை முழுக்கப் புகை. இவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து நிதானமாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன் என்று மழுப்பினார்.

பட்டறையில் சமாளிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "என்ன வாசம் வருது, சொல்லுங்க பாப்போம்" என்று விளையாட்டாகக் கேட்பார். வண்டிக்காரர் ஏதாவது சொன்னதும், அதேதான் என்று தலையாட்டுவார். சொல்லத் தெரியாதவர்களிடம் மூக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

அப்போதுதான் நாற்றுப்பண்ணை அம்மாவின் வேன் வந்தது. வீட்டுக்காரர் போனதிலிருந்து நாலு வருஷமாகக் கொட்டகையில் நின்ற வண்டி. சனிக்கிழமை நாற்று ஏற்றிப் போக வேண்டும், எப்படியாவது ஓட வைத்துக் கொடுங்கள் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார். எஞ்சின் பழுதில்லை. டேங்கில்தான் துரு. மூடியைத் திறந்து டார்ச் அடித்தபோது உள்ளே செம்மண் குழைத்துப் பூசியது போலிருந்தது. அடியில் கிடந்த பழைய பெட்ரோல் பிசினாக இறுகியிருந்தது.

டேங்கைக் கழற்றி வெளியே எடுத்தார். பெட்டி மாதிரி நீளமான டேங்க், நடுவில் ஒரு தடுப்புத் தகடு, பெட்ரோல் அலம்பாமல் இருப்பதற்காக. இரண்டு நாள் வினிகர் ஊற்றி ஊற வைத்தார். பிறகு ஒரு முழம் இரும்புச் சங்கிலியை உள்ளே விட்டு, மைத்துனன் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிடித்துக் குலுக்கினார்கள். சேறும் சிவப்புமாகக் கொட்டியது. கொட்டக் கொட்டத் தண்ணீர் விட்டு அலசினார்கள்.

குலுக்கும்போதே ஒன்று அவர் காதில் உறைத்தது. சங்கிலி இந்தப் பக்கம்தான் உருண்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை. தடுப்பில் இருக்கும் ஓட்டைகளைத் துரு அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பாதி எப்படியிருக்கிறது என்று டார்ச்சிலும் தெரியாது. பழைய நாளாக இருந்தால் டேங்கின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்திருப்பார், உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று தெரிந்துபோயிருக்கும்.

"மாமா, அந்தப் பக்கம் ஆயிடுச்சா?" என்று மைத்துனன் கேட்டான்.

"ஆயிடுச்சு, ஆயிடுச்சு."

தண்ணீரோடு விட்டால் மறுபடி துரு பிடிக்கும். அதனால் அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றிச் சுழற்றினார். அப்போதுதான் மூலையில் ஊசிமுனை அளவில் மூன்று இடத்தில் ஈரம் கசிந்தது. துருதான் இத்தனை நாள் அந்த ஓட்டைகளை அடைத்து வைத்திருந்தது. பித்தளை வைத்து ஒட்டினால் சரியாகிவிடும். பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரால் மூன்று தடவை கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். சனிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

எதிர்ச்சாரியில் வெல்டர் கடை. வெல்டர் அவரைவிடப் பத்து வயசு மூத்தவர். முப்பது வருஷப் புகையில் அவருடைய மூக்கு என்றைக்கோ அவிந்துவிட்டது. இது முகத்துக்கு அழகா இருக்கட்டும்னு விட்டு வெச்சிருக்கேன் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அதனாலேயே டேங்க் வேலை எது வந்தாலும், உள்ளே பெட்ரோல் வாசம் மிச்சமிருக்கிறதா என்று முதலில் மோப்பக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் தீ வைப்பார்.

டேங்கைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் வெல்டர் அன்றைக்கும் அப்படியே காட்டினார். டேங்கை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு, "பாரு தம்பி" என்றார்.

மோப்பக்காரர் குனிந்தார். மூக்கை டேங்கின் வாயருகே வைத்து இழுத்தார். நெஞ்சு நிறையக் காற்று வந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. ஒரு டம்ளருக்குள் மூச்சு இழுத்த மாதிரி இருந்தது. நிமிர்வதற்குள் மனசு பல திசையில் ஓடிவிட்டது. மூன்று தடவை கழுவியாயிற்று, வெயிலில் காய்ந்தாயிற்று, அண்ணன் எப்படியும் ஆவி தங்காமலிருக்கத் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் ஒட்டுவார். போதாக்குறைக்கு மைத்துனன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசம் ஏதும் இல்லண்ணே" என்றார்.

வெல்டர் டேங்கில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார். மோப்பக்காரர் தெருவைத் தாண்டிப் பட்டறைக்கு வந்தார். திரும்பிப் போய் இன்னொரு தடவை கழுவலாம் என்று சொல்லலாமா என்று தோன்றியது. சொன்னால், ஏன் என்று கேட்பார்.

சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி உள்ளே கால் வைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். இந்த நாற்றத்தில் எப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் கேட்டும் கேட்காத மாதிரி ஸ்பேனரைத் தேடினார். அவள் விடவில்லை. டேங்க் கவிழ்த்து வைத்திருந்த கட்டைக்குக் கீழே கையைக் காட்டினாள். வெயில் அங்கிருந்து நகர்ந்திருந்தது. சிமெண்டுத் தரையில் கறுப்பாக ஒரு ஈரம், அதன் நடுவே சின்னதாகத் தேங்கி நின்றது.

குனிந்து தொட்டார். விரல் சில்லென்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

தண்ணீர் அப்படிக் காயாது. கழுவி முடித்த பிறகும் டேங்க் பெட்ரோல் சொட்டியிருக்கிறது. அவர் ஊற்றிச் சுழற்றியதில் கொஞ்சம் துரு இடுக்கு வழியாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊறிப்போய் அங்கேயே நின்றிருக்கிறது. அந்த இடுக்கு வழியாக வெல்டர் பிடிக்கும் தண்ணீர் போய் அந்தப் பாதி நிரம்பாது. உள்ளே பாதி டேங்க் காற்றும் ஆவியுமாகத்தான் இருக்கும்.

"அண்ணே, வேணாம்" என்று கத்திக்கொண்டே ஓடினார். தெருவில் ஒரு லாரி குறுக்கே வந்தது. அது கடந்து போகிற நேரம் அவர் வாழ்க்கையிலேயே நீளமானது. லாரியின் பின்பக்கம் விலகியபோது, வெல்டர் கையில் நீலத் தீயோடு, யாரோ கூப்பிட்டது போலத் தலையைத் திருப்பியிருந்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. தகர டிரம்மில் ஒருவன் ஓங்கி உதைத்த மாதிரி ஒரே ஒரு அடி. டேங்கின் பக்கவாட்டுத் தகடு பிய்ந்து, வெல்டரின் காதை உரசிக்கொண்டு கூரை ஓடு ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு போனது. கடை முழுக்கத் தண்ணீர். வெல்டர் தரையில் உட்கார்ந்து இடது கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். சட்டைக் கையின் துணி தோலோடு ஒட்டியிருந்தது.

பிழைத்துக்கொண்டார். தலையைத் திருப்பியதால்தான் பிழைத்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது காது இனிக் கேட்காது, மூன்று விரல் மடங்க நாளாகும் என்றார்கள். கட்டுப் போட்டுப் படுக்கவைத்த பிறகு மோப்பக்காரர் கட்டிலின் வலது பக்கம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், வெங்காயம், மூன்று மாதம். பின்னால் மைத்துனனும் மனைவியும் நிற்பது தெரிந்துதான் சொன்னார்.

வெல்டர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியலன்னு சொல்லியிருந்தா போதும் தம்பி. பக்கத்துக் கடைக்காரனக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் வேலை."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் மைத்துனன் எதிரே வந்து நின்றான். திட்டப்போகிறான் என்று நினைத்தார். அவன் வேறொன்று கேட்டான். "மாமா, இந்த மூணு மாசத்துல நீங்க மோந்து பாத்து ஒண்ணும் இல்லன்னு அனுப்புன வண்டி எத்தனை?"

அதை அவர் ஒருதரம்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

பட்டறைக்கு வந்து வேலை நோட்டைப் பிரித்தார்கள். வந்த வண்டி, சொன்ன குறை, பார்த்த தேதி, போன் நம்பர் எல்லாம் மைத்துனன் கையெழுத்தில் ஒழுங்காக இருந்தது. 'வாசம் வருதாம். மாமா பார்த்தார். ஒன்றுமில்லை.' அப்படிப் பதினோரு வரி. அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிக்க, அவன் நம்பரை அடித்துக் கொடுத்தான். பேசுவது நீங்கள்தான் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டான். வண்டியை எடுக்காதீர்கள், நான் சரியாகப் பார்க்கவில்லை, வேறு ஆளிடம் காட்டுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒருவர் வண்டியை விற்றுவிட்டேன் என்று சொல்லி, வாங்கியவர் நம்பரைக் கொடுத்தார். மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாவது நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார்கள். நாலாவது தடவை ஒரு பெண் எடுத்தாள். பின்னால் காற்று இரைச்சல், பிள்ளைகள் சத்தம். ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், அவர் ஓட்டுகிறார், அப்புறம் பேசச் சொல்லட்டுமா என்றாள்.

"வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்கம்மா. எஞ்சின அணைச்சிட்டு எல்லாரும் கீழ இறங்குங்க. போனை வெக்காதீங்க."

"ஏன்? நீங்க யாரு?"

அவர் சொல்லத் தொடங்குவதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "நான்தான் அப்பவே சொன்னேன்ல, பெட்ரோல் வாசம் வருதுன்னு."

எஞ்சின் சத்தம் நின்றது. மைத்துனனும் மனைவியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோப்பக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் கதவுகள் திறக்கிற சத்தத்தை எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதற்காகக் காத்திருந்தார்.