சுவரோரத் துண்டில் நூற்றுப் பதினெட்டு

1.

இருந்தவர்கள்: வழிகாட்டி லோகநாயகி மேடம், மின்விசிறிக்கு நேர்கீழே பிளாஸ்டிக் நாற்காலியில். ஆய்வு மாணவி தேவதர்ஷினி, கட்டிலோரம், மடியில் லேப்டாப். ஷ்யாம்சுந்தர், ஜன்னலை ஒட்டி. நிரல் எழுதும் தசரதனாகிய நான், கதவருகே ஸ்டூலில். இடம் சேலையூர், என் வாடகை வீடு. சனிக்கிழமை, காலை பத்தரை.

ஒரு கடிதம் எழுத வராமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2.

"கணினிக்குள் பத்தாயிரம் உருண்டைகள் பொழிந்து—"

(அடித்துவிட்டேன். மழைக் கவிதை மாதிரி இருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். ஒரு பெட்டியில் உருண்டைகளைக் கொட்டுவதாகக் கணினியில் பாவனை செய்தோம். பெட்டியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் உருண்டை எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கிறது என்று அளந்தோம். நடுவில் அறுபத்திரண்டு. சுவரோரம் அறுபத்தேழு. "சுவரோரம் இறுகிக் கிடக்கிறது" என்பதுதான் தேவதர்ஷினியின் மூன்றாம் அத்தியாயம். வைவா என்னும் வாய்மொழித் தேர்வு வரும் வெள்ளிக்கிழமை.

போன வாரம் துண்டுகளை இன்னும் மெல்லியதாக்கிப் பார்த்தேன். சுவரோரம் நூற்றுப் பதினெட்டு சதவீதம் வந்தது.

"இன்னாண்ணா இது, பெட்டிய விட உருண்டை பெருசா? மாவு மாதிரி ஆட்டி ஊத்திட்டீங்களா?" என்று தேவதர்ஷினி சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

3.

பிழை இதுதான். மையம் எந்தத் துண்டில் விழுகிறதோ, அதன் கணக்கில் முழு உருண்டையையும் சேர்த்திருந்தது நிரல். மின்ரயில் இருக்கையின் ஓரத்தில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கும் நான்காவது ஆளை முழுதாக இருக்கைக்கே எழுதியது போல. உருண்டைகளை வெட்டி, அந்தந்தப் பங்கை அந்தந்தத் துண்டுக்குக் கொடுத்தால் சுவரோரம் அறுபதுதான். நடுவை விடக் குறைவு.

நிரலில் அந்த வரியை எழுதியவன் ஷ்யாம்சுந்தர்.

(இல்லை. ஷ்யாம்சுந்தர் என்று யாருமில்லை. பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அறையில் மூன்று பேர்தான். அந்த வரியை எழுதியவன் நான்.)

4.

"வைவா முடியட்டுமே தசரதன், அப்புறம் திருத்தம் அனுப்பலாம். பொண்ணு அஞ்சு வருஷமா உழைச்சிருக்கா" என்றார் மேடம். அவர் குரலில் தந்திரம் இல்லை, பயம் இருந்தது.

தேவதர்ஷினி லேப்டாப்பை மூடினாள். "அப்புறம்னா எப்போ மேடம்? தேர்வு வைக்க வர்ற சார் சுவரோரத்தப் பத்திதான் கேப்பாரு. தப்புன்னு தெரிஞ்சுகினே நின்னு பதில் சொல்லணுமா? என்னால முடியாது. அனுப்பிடலாம்."

அந்தப் புறத்தேர்வாளர் மின்னஞ்சல் பார்க்காதவர், தாளில் வந்தால்தான் படிப்பவர். அவருக்குக் கடிதம் எழுதினேன்: "கணக்கிடும் முறையில் பிழை நேர்ந்துவிட்டது." அடித்தேன். "நான் பிழை செய்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவள் பேனாவை வாங்கி 'நான்' என்பதை 'நாங்கள்' ஆக்கி, 'செய்தேன்' என்பதையும் 'செய்தோம்' என்று திருத்தி, கீழே தானும் கையெழுத்திட்டாள்.

"நீ எதுக்கு? நிரல் என்னோடது."

"வரைபடம் அழகா வந்துச்சுல்லண்ணா. அதான் நானும் ஒண்ணும் கேக்கல."

மேடம் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, மூன்றாவதாகக் கையெழுத்திட்டார்.

5.

முடிவு ஒன்று: தேர்வாளர் பாராட்டி வெள்ளிக்கிழமையே தேர்வு வைக்கிறார். முடிவு இரண்டு: அத்தியாயத்தை மாற்ற இன்னும் ஓராண்டு ஆகிறது, அவள் வேலையில் சேர்வது தள்ளி—

இரண்டும் என் ஆசையும் பயமும், அவ்வளவுதான். வாசகரே, உறையைப் பிரிக்கப்போகிறவர் நீங்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குத் தாம்பரம் தபால் நிலையத்தில் தேவதர்ஷினியே உறைக்குப் பசை தடவி ஒட்டினாள். ஓரங்களை இரண்டு முறை அழுத்தினாள். "ஸ்பீடு போஸ்ட்" என்று கவுண்டருக்குள் நீட்டினாள். உள்ளே இருந்தவர் வாங்கிக்கொண்டார்.