நீலப் பாறை

கெட்டவன் என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். நல்லவர்களை என்ன செய்வது? ஹெப்சி டீச்சர் மாட்டிக்கொண்டது நல்லவர்களிடம்.

பெருங்களத்தூரில் அவள் போகும் கிறிஸ்தவ சபைக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதன் நடுவே நீளமாக ஒரு வெடிப்பு. அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஏழெட்டுப் பல்லிகள். வீட்டுச் சுவரில் ஒட்டுகிற ரகம் இல்லை. மஞ்சள் தலை, பட்டப்பகலில் வெளியே வந்து வெயில் காயும். இந்தப் பக்கத்து இரண்டு மூன்று பாறைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மற்ற பாறைகள் எப்போதோ ஜல்லியாகிவிட்டன.

கார் நிறுத்த இடம் வேண்டும், பாறையை உடைப்போம் என்று சபைச் செயலாளர் தனசிங் கிளம்பியபோது, பள்ளியில் உயிரியல் எடுக்கும் ஹெப்சிக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைக்கை வாங்கினாள். ஆண்டவர் படைத்த இந்தப் பல்லிகளில் மிச்சம் இருப்பதே நம் காம்பவுண்டுக்குள்தான் என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். சபையே உருகிப்போயிற்று. உடைப்பதில்லை என்று தனசிங் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். அன்று மத்தியானம் பிரியாணியை நிம்மதியாகச் சாப்பிட்டாள், பாவம்.

பிறகு பள்ளி அவளைப் பத்து நாள் பயிற்சிக்குத் திருச்சி அனுப்பியது. திரும்பி வந்த ஞாயிறன்று தனசிங் கேட்டிலேயே காத்திருந்தார்.

"வாங்க டீச்சர். வாலிபர் சங்கத்துப் பசங்க ஒரு வாரமா வேற வேலையே பாக்கல. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்."

பாறை நீலமாக இருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எனாமல் அடித்து, படைப்பைப் போற்றும் பைபிள் சங்கீத வசனம் ஒன்றை வெள்ளையில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் முதலை சைஸுக்கு ஒரு பச்சைப் பல்லி சிரித்தது.

"அண்ணா, நடுவுல ஒரு வெடிப்பு இருந்துச்சே?"

"சிமென்ட் வச்சுப் பூசியாச்சு டீச்சர். எழுத்து கோணலா வந்துச்சு. பாம்பு கீம்பு பூந்து உங்க பல்லியத் தின்னுடக் கூடாதுல்ல?"

"பல்லிங்க எங்க?"

"பிரஷ் சத்தத்துக்கு எல்லாம் உள்ள ஓடிடுச்சு. அப்புறம்தான் பூசினோம். ஒண்ணுகூட வெளிய போகல, பத்திரமா இருக்கும். காத்து போகட்டும்னு நம்ம சங்கத்து மெர்வின் ஆணியால ரெண்டு ஓட்டைகூட போட்டிருக்கான்."

ஹெப்சி விரலால் தடவித் தேடினாள். ஓட்டைகள் இருந்தன. இரண்டையும் பெயின்ட் அடைத்திருந்தது. ஸ்கூட்டி சாவியால் சுரண்டினாள். நீலம் கொஞ்சம் உரிந்தது, சிமென்ட் அசையவில்லை.

அதற்குள் சபை கூடிவிட்டது. மெர்வினின் நகக்கண்ணில் இன்னும் நீலம் போகவில்லை. இவனை என்னவென்று திட்டுவது?

"டீச்சர், நீங்கதான் ஸ்தோத்திர ஜெபம் பண்ணணும்" என்றார் தனசிங். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"ஆண்டவரே..." என்றாள். உள்ளங்கையைச் சிமென்ட் மேல் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

டீச்சருக்கு மனம் நிறைந்துவிட்டது என்று நினைத்து, சபை உரக்க ஆமென் சொன்னது.