பதினோரு இலை

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "ஞாயித்துக்கிழமை எங்க டீம் வராது, நீங்க கோல் போட்டு பாயின்ட் வாங்கிக்கோங்க." இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் ராஜேந்திரன் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கல்லூரி விடுதியிலிருந்து ஜீவனஹள்ளிக்கு நடந்து வந்தான். பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறவன், மேடையேறி இங்கிலீஷில் பேசிக் கோப்பை வாங்கினவன். அப்பேர்ப்பட்டவன் வாயிலிருந்து இந்த ஒரு வாக்கியம் வரவில்லை, பாருங்கள்.

விஷயம் இதுதான். வருஷம் 1958. அதுவரை அந்தக் கல்லூரி (பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன்) கண்டோன்மென்ட் பக்கத்துக் கால்பந்து லீக் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தது. கம்பெனி ஆட்கள், ரயில்வே ஆட்கள், ஜீவனஹள்ளிப் பேட்டைப் பசங்கள் எல்லோரும் ஆடுகிற லீக். வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது. இடைவேளையில் இரண்டு டீம் ஆட்களும் ஒரு போர்வையின் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார்கள். அதில் விழுகிற சில்லறை இரண்டு டீமுக்கும் டீயும் பன்னுமாகும். அதற்குமேல் அந்த லீக்கில் யாருக்கும் வருமானம் இருந்ததில்லை.

அந்த வருஷம் பெரிய டீம்களாகச் சேர்ந்து புதிதாக ஒரு லீக் ஆரம்பித்தன. மதில் சுவர் வைத்த மைதானம், வாசலில் டிக்கெட், வசூலில் பங்கு. ஜனங்கள் அதற்குக் கேட் லீக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்லூரியின் புது விடுதிக் கட்டடம் பாதியில் நின்றுகொண்டிருந்த சமயம். வசூல் என்றதும் மேலே இருந்தவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பழைய லீக் முடிகிறவரை காத்திருக்கக்கூடப் பொறுமையில்லை, உதறிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

"கடைசி மேட்ச் ஒண்ணு பாக்கி இருக்கு, உங்க பேட்டையோடதான்," என்றார் விளையாட்டைக் கவனித்துக்கொண்ட லெக்சரர் சுந்தரராமன். "அன்னிக்கே நமக்கு கேட் லீக்ல முதல் மேட்ச். நாம போகலன்னா அவங்களுக்கு நஷ்டமா என்ன? ரெஃபரி விசில் ஊதுவார், காலி கோல்ல பந்தைத் தள்ளிட்டு ஜெயிச்சதா எழுதிக்கலாம். காத்துக்கிட்டு நிக்க வேண்டாம்னு நீயே போய்ச் சொல்லிடு."

ராஜேந்திரன் தலையை ஆட்டினான். ஆட்டாமல் என்ன செய்வான்? அவன் படிப்பு, சாப்பாடு, படுக்கை எல்லாமே அவன் இடது காலை நம்பிக் கல்லூரி இலவசமாகக் கொடுத்தது.

ஜீவனஹள்ளியில்தான் அவன் அக்கா தனலக்ஷ்மியின் வீடு. அக்கா புருஷன் பச்சைமுத்து சிகரெட் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவன். பேட்டை டீமுக்கு அவன்தான் கேப்டன். அவர்கள் ஆடுகிற மைதானம் முன்பு குட்டையாகக் கிடந்த இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டையே கூடி மண் சுமந்து கொட்டிச் சமன்படுத்தியது. நிலத்துக்குச் சொந்தக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். முதல் டிவிஷனில் ஆடுகிறவரை மைதானம் உங்களுக்கு, இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினால் செங்கல் அடுக்கக் கான்ட்ராக்டருக்குக் கொடுத்துவிடுவேன் என்று. அந்த வருஷம் டீம் விளிம்பில் நின்றது. கல்லூரியை ஜெயித்தால் மைதானம் தங்கும். இல்லையென்றால் செங்கல்.

ராஜேந்திரன் போனபோது வாசலில் பாய் விரித்து மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"மிதிச்சிடாதேடா!" என்று கத்திக்கொண்டே வந்தாள் தனலக்ஷ்மி. "உன் காலேஜு டீமுக்குத்தான் காய வெச்சிருக்கேன். வீட்டுக்கு ஒரு படி அரிசி வசூல் பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை கறிக்கொழம்பு."

அந்தப் பேட்டையில் இது ஒரு பழக்கம். மைதானத்துக்கு வந்து ஆடுகிற டீமுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்புவார்கள். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, விருந்தாளி டீம் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பேட்டைப் பசங்கள் இலையில் உட்காருவார்கள்.

பக்கத்து வீட்டு முத்தம்மா எட்டிப் பார்த்து, "காலேஜு பசங்க காரம் தின்னுவாங்களா ராஜா? இல்ல, கம்மி பண்ணட்டுமா?" என்று கேட்டாள்.

"தின்னுவாங்க," என்றான் ராஜேந்திரன்.

பொய்யில்லை. கல்லூரிப் பசங்கள் காரம் தின்பார்கள்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையிலேயே அவன் மாட்டிக்கொண்டுவிட்டான்.

பச்சைமுத்து மைதானத்தில் கோல் கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். "இன்னா மச்சான், உங்க காலேஜு கேட் லீக்குக்குப் போவுதாமே?"

"பேச்சு நடந்துகினு இருக்குது மாமா."

"போங்க, ஜோரா போங்க. ஆனா போறதுக்கு முன்னாடி எங்களை ஜெயிச்சிட்டுப் போங்க, பாக்கலாம்." பச்சைமுத்து சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "நெஜமாலுமே சொல்றேன். ஓசில ஒரு பாயின்ட் வேணாம். காலேஜை ஜெயிச்சு கிரவுண்டைக் காப்பாத்துனோம்னு பேட்டையில பேசணும். கரெக்டா வந்துடுவீங்கல்ல?"

இதோ, இப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தச் சிரிப்பு என்ன ஆகும், உள்ளே மிளகாயைப் புரட்டிக்கொண்டிருக்கிற அக்காவின் முகம் என்ன ஆகும் என்று நினைத்தான். உங்கள் மைதானத்தில் டிக்கெட் கிழிக்க முடியாது, அதனால் நீங்கள் எங்களுக்கு வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதுவும் அந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன்?

"வராம எங்க மாமா போகப் போறோம்," என்றான்.

அடப்பாவி! அதைச் சொல்லாமல் மென்று விழுங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திரும்பி நடக்கும்போது தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். என்ன ஆகிவிடப் போகிறது? கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள், நாலு திட்டு திட்டுவார்கள், ரெஃபரி சொன்னதும் காலி கோலில் பந்தைத் தள்ளுவார்கள். மைதானம் தங்கிவிடும். ஆறின பிறகு போய் அக்காளிடம் பேசிக்கொள்ளலாம். வழியிலிருக்கிற பிரேசர் டவுன் வந்து சேர்வதற்குள் அவனுக்கே அது நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கேட் லீக் மைதானத்தில் கூட்டம் சொல்லி மாளாது. பேண்டு வாத்தியம், வாசலில் வரிசை, சுவர்மேல் ஏறினவர்களைத் தடியால் தட்டி இறக்கப் போலீஸ். கல்லூரி ஜெயித்தது. ராஜேந்திரன்தான் ஒரு கோல் போட்டான். கேலரியில் இருந்தவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவனுக்கு அது காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. இடைவேளையில் போர்வை வரவில்லை. யார் எதற்குக் கொண்டுவரப் போகிறார்கள்? ஆனாலும் அவன் கண் அதைத் தேடியது.

ஆட்டம் முடிந்ததும் சுந்தரராமன் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். "விடுதிக்கு மேல்மாடியே கட்டிடலாம்ப்பா!" என்று அவன் முதுகில் தட்டினார். ராஜேந்திரனுக்கு ஐஸ்கிரீம் இறங்கவில்லை. உடை மாற்றிக்கொண்டு ஜீவனஹள்ளிக்குக் கிளம்பினான்.

விளக்கு வைக்கிற நேரம். வழியெல்லாம் வசவுக்குத் தயாராகிக்கொண்டே போனான். தெருமுனையில் முத்தம்மா அவனைப் பார்த்தாள். பார்த்ததும் கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ என் ராஜா! உசுரோட வந்தியா!" அவன் கையைத் தடவினாள், தலையைத் தடவினாள், குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தாள். "ரத்தம் கித்தம் ஒண்ணும் இல்லியே? மத்த பசங்க எங்கடா?"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் தனலக்ஷ்மி அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், பச்சைமுத்துவைத் தவிர, பேட்டை டீம் முழுக்க ஆட்ட உடையிலேயே நின்றது.

ஃபுல்பேக் ஆடுகிற முனியப்பன்தான் விஷயத்தைக் கொட்டினான். மூன்று மணிக்கு ரெஃபரி ஜெயராமன் விசில் ஊதினார். கல்லூரி டீம் இல்லை. சைக்கிளில் ஆள் அனுப்பிக் கல்லூரியில் விசாரித்தார்கள். வாட்ச்மேன் சொன்னான், "ஃபுட்பால் பசங்களை ஏத்திக்கினு வேன் ஒரு மணிக்கே கெளம்பிடுச்சே" என்று. கிளம்பின வேன் வந்து சேரவில்லை என்றால் என்ன நினைப்பார்கள்? வழியில் வேன் கவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

"ரெஃபரி மூணு தபா சொன்னாரு, கோலைப் போட்டுட்டு அப்புறம் தேடுங்கப்பான்னு. நான் பந்தை எடுத்துக்கினு போனேன். உங்க மாமா புடுங்கி அக்குள்ல வெச்சிக்கினான். என் மச்சான் வர்றேன்னு சொல்லியிருக்கான், அவங்க எங்கயோ அடிபட்டு கெடக்கும்போது நான் காலி கோல்ல பந்தைத் தள்ளணுமான்னு கேட்டான். அஞ்சு மணி வரைக்கும் பாத்தாரு ரெஃபரி. ரெண்டு பேருக்கும் பாயின்ட் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. கிரவுண்டு கலாஸ், இனிமே செங்கல்தான்." முனியப்பனுக்குக் குரல் உடைந்தது. "போவட்டும், நீங்க உசுரோட இருக்கீங்களே, அது போதும்."

காறித் துப்பியிருந்தால் ராஜேந்திரன் துடைத்துக்கொண்டு நின்றிருப்பான். இதை எங்கே துடைப்பது?

அப்போதுதான் பச்சைமுத்து வந்தான். ராஜேந்திரனைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். சட்டையெல்லாம் வேர்வை.

"ஆஸ்பத்திரியில ஒவ்வொரு கட்டிலா பாத்துட்டு வர்றேன்டா! ஒண்ணும் இல்லியே? எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க? வேன் ரிப்பேரா? அதானே?" மூச்சு வாங்கியது. பிறகு திடீரென்று அவன் முகம் மலர்ந்தது. "அப்படின்னா ஒண்ணும் கெட்டுப் போவல, மச்சான். காலையில நீ ஜெயராமன் சார்கிட்ட வந்து வேன் ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லு. அவர் தங்கமான மனுஷன், மேட்சைத் திரும்ப வெப்பாரு. நீங்க இன்னொரு தபா வந்தா போதும்."

டீம் முழுவதும் ராஜேந்திரனைப் பார்த்தது. ஆமாம் என்று சொன்னால் இந்த ராத்திரி தப்பிக்கலாம். ஆனால் யார் வருவார்கள் இன்னொரு தடவை? இதே ஆட்கள் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இதே மாதிரி காத்துக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான்.

"வேன் ரிப்பேர் இல்ல மாமா," என்றான் ராஜேந்திரன். தரையைப் பார்த்துத்தான் பேச முடிந்தது. "இன்னிக்கு கேட் லீக்ல ஆடினோம். இங்க வர்றதா இல்ல. உங்ககிட்ட அதைச் சொல்லச் சொல்லித்தான் அன்னிக்கு என்னை அனுப்பினாங்க."

தனலக்ஷ்மி அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"வியாழக்கெழமையே தெரியும் உனக்கு?" என்றான் பச்சைமுத்து.

"தெரியும் மாமா. வெக்கமா இருந்திச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

முனியப்பன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். பச்சைமுத்து குறுக்கே நின்று தடுத்தான். சத்தம் போடவில்லை அவன். போட்டிருக்கலாம்.

"ஓசில வேணாம்னு வாய்ச் சவடால் அடிச்சேன், அது வாஸ்தவம்," என்றான் மெதுவாக. "ஆனா நீ சொல்லியிருந்தா நான் கோல் போட்டிருப்பேனே, மச்சான். பேட்டை கிரவுண்டாச்சே. கண்ணை மூடிக்கினு போட்டிருப்பேனே."

ராஜேந்திரன் கைகூப்பினான். மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். பச்சைமுத்து அதைக் கேட்கிற நிலையில் இல்லை, மைதானத்துப் பக்கம் கையைக் காட்டினான். சுண்ணாம்பு அடித்த கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து, தைத்த இலைகள் வரிசையாகப் போட்டிருந்தன. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். பதினோரு இலை. மூடி வைத்த அண்டாக்களுக்குப் பக்கத்தில் பேட்டைக் குழந்தைகள் சில தூங்கிப்போயிருந்தன.

"காலையிலேர்ந்து எவனும் வாயில ஒரு பருக்கை வெக்கல," என்றான் பச்சைமுத்து. "விருந்தாளி டீம் சாப்பிடாம எங்க பசங்க உக்கார மாட்டாங்க. உனக்குத் தெரியுமே. போய் உக்காரு."

"மாமா, வேணாம் மாமா..."

"உக்காருடா. பசங்க பசியில நிக்கிறாங்க."

அவன் போய் முதல் இலையில் உட்கார்ந்தான். தனலக்ஷ்மி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பொறுக்கியெடுத்த நல்ல கறித் துண்டாகத்தான் போட்டாள், குறை வைக்கவில்லை. அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பேட்டை டீம் சுற்றி நின்று காத்துக்கொண்டிருந்தது. முத்தம்மா அவனுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். காரம் கேட்டு அளவாகப் போட்டவள் அவள்தானே.

ராஜேந்திரன் முதல் வாய் எடுத்து வைத்தான். விழுங்கினான். முழு இலையையும் தின்று முடித்து அவன் எழுந்த பிறகுதான் பசங்கள் எதிர் வரிசையில் புது இலை போட்டு உட்கார்ந்தார்கள். மிச்சமிருந்த பத்து இலையின் மேலிருந்த கற்களைத் தனலக்ஷ்மி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, இலைகளை அடுக்கி வீட்டுக்குள் கொண்டுபோனாள்.