பின்சீட்டில் உயர்ந்த கை

1

இந்தக் கதை ஒரு கையிலிருந்து தொடங்கியது. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இருந்த ஒரு பெண்ணின் கை. முன்னால் ஓட்டியவனின் தோள்வரை உயர்ந்து, தொடாமலே இறங்கியது. இன்னொரு வண்டியில் பின்னால் வந்த நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய் என்றால் பேச்சை மாற்றிவிடுவேன்.

(அவளையே கேட்டும் பார்த்துவிட்டேன். "முக்காட்டைச் சரி பண்ணுனேங்க அண்ணா. இதுக்கு ஒரு கதையா?" என்றாள்.)

2

முதல் தொடக்கம்: "நாமக்கல் சமவெளியின் மீது சூரியன் தன் பொற்கதிர்களை" வேண்டாம்.

இரண்டாவது: "கருவிகளின் காலத்தில் மனிதன் தொலைந்துபோகும் உரிமையையே இழந்து" இது எனக்குள் இருக்கும் கட்டுரைக்காரன். கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது: என் நண்பன் இம்தியாஸுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். மனைவி மெஹ்ரீன். மாதத்தில் ஒரு ஞாயிறு இருவரும் பைக்கில் எங்காவது கிளம்புவார்கள். நான் அதிகம் பேசாதவன் என்பதால் என்னையும் என் வண்டியில் பின்னால் வர அனுமதித்தார்கள்.

இதுவே இருக்கட்டும். அழகில்லை, ஆனால் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மெஹ்ரீன் மடியில் எப்போதும் ஒரு காகித வரைபடம் இருக்கும். ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது என்பதால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. இடத்தோளில் தட்டினால் இடப்பக்கம், வலத்தோளில் தட்டினால் வலப்பக்கம், இரண்டிலும் தட்டினால் டீ. ஒருமுறை அவன் தோளில் உட்கார்ந்த வண்டை அவள் தட்டிவிட, இம்தியாஸ் ராசிபுரம் அருகே ஒரு கல்யாண மண்டபத்துக்குள் வண்டியை விட்டுவிட்டான். சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே வந்தோம்.

வரைபடத்தில் அவள் பச்சை மையால் குறிகள் போட்டிருந்தாள். எந்தப் பெட்ரோல் பங்க்கில் பெண்கள் கழிப்பறை பூட்டாமல் இருக்கும், எதில் தண்ணீர் வரும், எந்தக் கடைக்காரன் முறைக்க மாட்டான். அச்சடித்தவர்களுக்கு இதெல்லாம் தோன்றியிருக்காது.

3

ஒரு ஞாயிறு, ஜேடர்பாளையத்தில் காவிரி மீன் சாப்பிடப் போவதென்று முடிவாயிற்று. கிளம்பும்போது இம்தியாஸின் கைப்பிடியில் ஒரு புது ஸ்டாண்டு, அதில் கைப்பேசி.

"இனிமே மேப் எதுக்கு? நீ சும்மா உக்காந்து வா. அவ சொல்லுவா."

"அவ யாருங்க?"

"போன்ல பேசறவ."

"பேரு?"

"மிஷினுக்கு ஏது பேரு?"

"பேரு தெரியாதவ பேச்சக் கேப்பீங்க. சரிங்க."*

* எங்கள் பக்கத்து மனைவிமார் சொல்லும் 'சரிங்க' பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எழுத மாட்டேன். எனக்கும் வீடு இருக்கிறது.

4

பரமத்தி வேலூர் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு வழிகாட்டிப் பலகை ஜேடர்பாளையத்துக்கு நேராகப் போகச் சொன்னது. கைப்பேசி இடப்பக்கம் திரும்பச் சொன்னது. அங்கேதான் அந்தக் கை உயர்ந்தது, அல்லது முக்காடு சரியானது. இம்தியாஸ் திரும்பினான். நானும் திரும்பினேன். பின்னால் போகிறவனுக்குச் சொந்தக் கருத்து ஏது?

தார் முடிந்து மண் வந்தது. இருபுறமும் வெற்றிலைக் கொடிக்கால்கள். பிறகு மண்ணும் முடிந்து, குறுக்கே ராஜவாய்க்கால் நிறைய தண்ணீரோடு ஓடியது. "நேராகச் செல்லவும்" என்றது கைப்பேசி.

கொடிக்காலுக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். பெயர் ஆண்டி என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, ஜேடர்பாளையமுங்களா?"

"எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?"

"ஞாயித்துக்கெழமையானா இங்க வந்து முழிக்கறவீங்க பூராம் அங்க போறவீங்கதான். போன வாரம் காரே வந்துச்சுங்க. திருப்பறதுக்குள்ள என்ற பாத்தி போச்சு."

"அப்ப சரியான வழி எதுங்க?"

"எனக்கு எப்படீங்க தெரியும்? நான் பஸ்ல போறவன். ஏறுனா தூங்கிருவேன்."

(நியாயமாக இந்த இடத்தில் அவர் எங்களுக்கு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போய்விட்டார்.)

5

"மேப்ப எடு" என்றான் இம்தியாஸ்.

மெஹ்ரீன் பெட்ரோல் டேங்கின் மேல் விரித்தாள். மடித்து மடித்து நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. பரமத்தி வேலூரும் சுற்றுவட்டாரமும் அந்த ஓட்டையில் போயிருந்தன.

"அங்க போர்டு இருந்துச்சே, பாத்தியா?"

"பாத்தேன். நேரா போன்னு போட்டிருந்துச்சு."

"சொல்ல வேண்டியதுதான?"

"சும்மா உக்காந்து வான்னீங்க. உக்காந்து வந்தேன்."

"கோவமா?"

"இல்லீங்க. நான் எதுக்கு வாரேன்னு யோசிக்கறேன். மூட்டை ஏத்துனாலும் இப்படித்தான் வாயத் தொறக்காம வரும். வேலூர்ல என்னைய எறக்கி விட்டுருங்க, பஸ்ல போயிக்கறேன். இனிமே பின்னாடி ஒரு சீரக மூட்டையக் கட்டிக்கங்க."

இம்தியாஸ் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். காகிதமா கைப்பேசியா என்பதெல்லாம் என் கட்டுரைக்காரனின் கவலை. இம்தியாஸ் கவலைப்பட வேண்டியது அந்தப் பின்சீட்டைப் பற்றி. அவள் இனி அதில் ஏறுவாளா?

6

முடிவு அ: இம்தியாஸ் கைப்பேசியை வாய்க்காலில் வீசினான். (இதைப் படித்துவிட்டு அவன்: "டேய், கடை வாடிக்கை நம்பர் பூராம் அதுலதான்டா இருக்குது!" அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவன் மன்னிப்புக் கேட்டான், அவள் சிரித்தபடி ஏறி (மெஹ்ரீன்: "சிரிச்சேன்னு எழுதாதீங்கண்ணா. அப்புறம் அடுத்த வாட்டியும் இதேதான்.")

முடிவு இ: பரமத்தி வேலூரில் அவள் சேலம் பஸ் ஏறினாள். இம்தியாஸ் நாமக்கல் வரை பஸ்ஸை ஒட்டியே ஓட்டினான். பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் பக்கோடாப் பொட்டலத்தோடு நின்றான்.

"எறங்கு மெஹ்ரீன். போனப் பாக்கெட்டுல போட்டுட்டேன்."

"பக்கோடாவக் குடுங்க."

கொடுத்தான். டிரைவர் ஏறிவிட்டார். எனக்கு அவளை இறக்கிவிடக் கை துறுதுறுக்கிறது. நீங்கள் இறக்க விரும்பினால் இறக்கிக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மெஹ்ரீன் இறங்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஓட்டக் கற்றுக்கொண்டு சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். ஆண்டி பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். நாங்கள் மூவரும் இப்போதும் ஞாயிறுகளில் போகிறோம். முன்னால் மெஹ்ரீன், வழி தெரியாவிட்டால் வண்டியை நிறுத்தி ஆட்களைக் கேட்கிறாள். அவளுக்குப் பின்னால் இம்தியாஸ், அவனுக்குப் பின்னால் நான். எனக்கு முன்னால் போகும் அவனுடைய பின்சீட்டில் யாரும் இல்லை.